பல் மாற்றிய வண்டி

அந்த வண்டிக்கு வேகம் வேண்டும் என்று கேட்டது அவள்தான். வேறு யார் தலையிலும் பழியைக் கட்ட வழியில்லை.

சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் ஏழு வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் டிரைவரக்காதான். வண்டி வயதானது. முள் எண்பதைத் தொட்டதும் இன்ஜின் தொண்டை கிழியக் கத்தும். அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் சத்தம் கூடுமே தவிர வேகம் கூடாது. நெடுஞ்சாலையில் சுமை ஏற்றிய லாரிகள்கூட அவளைத் தாண்டிப் போகும். பின்னால் ஓர் உயிர் இழுத்துக்கொண்டு கிடக்கும்போது, முன்னால் போகிற லாரியின் முதுகைப் பார்த்துக்கொண்டே போவது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும்.

அவள் கணவன் கியர் பெட்டி வேலையில் கைதேர்ந்தவன். எந்தச் சக்கரத்தைக் கையில் எடுத்தாலும் முதல் வேலையாகப் பல்லை எண்ணுவான் என்பதால் பட்டறையில் அவனுக்குப் பல் டாக்டர் என்று பெயர். தன் வாயில் இருக்கும் இரண்டு சொத்தைப் பல்லை மட்டும் எந்த டாக்டரிடமும் காட்டமாட்டான் என்று அவள் கேலி செய்வாள். அவனிடம்தான் நச்சரித்தாள். பின் அச்சுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியை மாற்றினால் வண்டி பறக்கும் என்று அவனே ஒருநாள் வாய்தவறிச் சொல்லியிருந்தான்.

மாற்றுவதற்கு முந்தின நாள் சமையலறைத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து விளக்கினான். இப்போது இருப்பது எட்டுப் பல்லுக்கு நாற்பத்தொரு பல். இன்ஜின் பக்கத்துத் தண்டு ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். புதிது ஒன்பதுக்கு முப்பத்தேழு. நாலு சுற்றுக்கே சக்கரம் ஒருமுறை சுற்றிவிடும். அதே இன்ஜின், அதே சத்தம், ஆனால் வண்டி கூடுதல் தூரம் ஓடும். அவ்வளவு வரை அவள் கவனமாகக் கேட்டாள். அதற்கப்புறம் அவன் சொன்னதைக் கேட்டும் கேட்காத மாதிரி எழுந்துவிட்டாள். வேகம் கூடினால் இழுவை குறையும், அஞ்சு பேர் தள்ளின வண்டியை இனி நாலு பேர் தள்ளுகிற மாதிரி ஆகும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நம்ம ரோடெல்லாம் பலகை மாதிரிதாங்க இருக்கு. எந்த மலையில ஏறப் போறோம்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாற்றி நான்கு மாதம் ஆயிற்று. வண்டி நூறைத் தொட்டது. லாரிகள் பின்னால் போயின. பெரிய டாக்டரே ஒருநாள் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். மேடு என்கிற வார்த்தையே அவள் நினைவில் இல்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் அழைப்பு வந்தது. குன்றுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் நிறைமாதப் பெண் ஒருத்தி. பனிக்குடம் உடைந்துவிட்டது. டிரைவரக்காவும் ஆஸ்பத்திரி நர்ஸும் ஆற்றுப் பாலம் வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டில் அந்தப் பெண்ணும் அவளுடைய மாமனாரும் மட்டும் இருந்தார்கள். பெண்ணின் கணவன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். மாமனார் முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்ததுமே, "ரெண்டு படி இருக்கு, பார்த்து" என்று பழைய பழக்கத்தில் சொன்னார்.

நர்ஸ் பரிசோதித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகத்தில் இரத்தமே இல்லை. குழந்தையின் தலைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கிவிட்டது. தலை அழுத்தினால் கொடி நசுங்கும். கொடி நசுங்கினால் குழந்தைக்கு மூச்சு நிற்கும். நர்ஸ் கையுறை போட்ட விரல்களால் உள்ளே தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை ஆஸ்பத்திரி அறுவை அறை வரை எடுக்கக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் கையை எடுக்காமலே கூடவே நகர்ந்தாள். மாமனார் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

திரும்பி வந்தால் பாலத்தில் கயிறு கட்டி இரண்டு காவலர்கள் நின்றார்கள். தண்ணீர் பாலத்தின் மேல் ஏறிவிட்டது. எப்போது திறப்பீர்கள் என்று டிரைவரக்கா கேட்டதற்கு, ஒருவர் ஆற்றைத்தான் காட்டினார்.

"குன்றுப் பாதை இருக்கும்மா. பழைய பஸ் ரூட்டு. நான் போயிருக்கேன். அரை மணி நேரத்துல அந்தப் பக்கம் இறங்கிடலாம்" என்றார் கண்டக்டர்.

அவளும் அந்தப் பாதையில் போயிருக்கிறாள், பல் மாற்றுவதற்கு முன்னால். வேறு யோசனைக்கு இடமில்லை. வண்டியைத் திருப்பினாள்.

ஏற்றம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே காலடியில் ஏதோ சரியில்லை என்று பட்டது. முன்பு இரண்டாவது கியரில் முணுமுணுத்துக்கொண்டே ஏறிய இடத்தில் வண்டி இரண்டாவதில் மூச்சு வாங்கியது. முதல் கியருக்கு இறக்கினாள். ஏறியது, ஆனால் அரைமனதாக ஏறியது. முதல் கியரில் இருக்கிற வண்டி இப்படியா இருக்கும்? இன்னும் ஒரு கியர் கீழே இருந்தால் தேவலை என்று அவள் கை தானாகக் கியர் கம்பியைத் தேடியது. கீழே கியர் இல்லை. அப்போதுதான் சமையலறைத் தரையில் விரித்த செய்தித்தாளும், தான் காதில் வாங்காத பேச்சும் ஞாபகம் வந்தன. நிறுத்தாமல் போனால் போய்விடலாம், நிறுத்தாமல் மட்டும் போனால் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டி, உச்சிக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது. பாதை ஒன்றரை வண்டி அகலம்தான். அவள் மலைப்பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. லாரி உரசாத குறையாக, அங்குலம் அங்குலமாக நகர்ந்து கீழே போனது. டிரைவர் கையைத் தூக்கி நன்றி காட்டினான்.

அவள் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து கிளட்ச்சை மெல்ல விட்டாள். வண்டி ஓர் அடி முன்னால் போய், உதறி, நின்றுவிட்டது. பின்னால் சரியத் தொடங்கியதும் பிரேக்கை மிதித்தாள். மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை இன்ஜினை அணையவிடாமல் நன்றாக மிதித்துக்கொண்டு கிளட்ச்சைப் பாதியில் பிடித்தாள். இன்ஜின் அலறியது. வண்டி அசையவில்லை. காகிதம் தீய்கிற மாதிரி ஒரு நாற்றம் உள்ளே வந்தது. கிளட்ச் எரிகிறது. பின்னால் நர்ஸ் இருமினாள்.

யாரும் சொல்லாமலே கண்டக்டர் இறங்கி ஓடினார். இரண்டு பெரிய கல்லைப் பொறுக்கி வந்து பின்சக்கரங்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். வலது பக்கம் பாதை ஓரத்தில் தடுப்புச் சுவர் இருந்தது, பெயருக்குத்தான். பாதிக்கு மேல் இடிந்து கிடந்தது. அதற்கப்பால் மழையும் மரத்தலைகளும்தான் தெரிந்தன.

"அக்கா, என்னாச்சு?" என்று பின்னாலிருந்து நர்ஸ் கேட்டாள். சத்தம் போடவில்லை. அதனாலேயே டிரைவரக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏற மாட்டேங்குது சிஸ்டர். எவ்வளவு நேரம் இருக்கு?"

"எனக்குத் தெரியலக்கா. சாய்வுல குழந்தை தலை கீழ்ப்பக்கமா அழுத்துது. என்னால பிடிக்க முடியல."

கண்ணாடியில் பார்த்தபோது கர்ப்பிணிப் பெண் கூரையையே பார்த்துக்கொண்டு உதடு அசையக் கிடந்தாள்.

டிரைவரக்கா போனை எடுத்தாள். சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டியது. கணவனைக் கூப்பிட்டாள். எடுத்தவுடன் எங்கே நிற்கிறாள் என்று சொன்னாள். எத்தனை பேர் வண்டியில், எத்தனை தடவை முயற்சி செய்தாய், புகை வந்ததா என்று கேட்டான். ஜீப் ஒன்றைக் கயிறோடு அனுப்புகிறேன், நாற்பது நிமிடத்தில் வந்துவிடும் என்றான். அவன் குரல் அவனுடையதாகவே இல்லை.

நாற்பது நிமிடம் கிடையாது என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே வேறொன்று மனதில் ஓடியது. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் தினமும் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, அது முதல் கியரைவிட மெதுவாக, இரைந்துகொண்டு நகரும். அவசரமான நாட்களில் அதற்காக அதைத் திட்டியிருக்கிறாள்.

"ஏங்க, ரிவர்ஸுக்கு எத்தனை பல்லு?"

"என்னது?"

"ரிவர்ஸ் கியர். ஒண்ணாவதைவிட அது மெதுவாத்தானே போகுது. அப்போ இழுவை கூடத்தானே இருக்கணும்?"

அவன் போனை வைத்துவிட்டு ஓடுவது கேட்டது. இரும்பு உருளும் சத்தம், தாள் புரளும் சத்தம். அவள் கண்ணாடித் துடைப்பான் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேளு. ஒண்ணாவது கியர்ல மூணரை சுத்து. பின் அச்சுல பழசு அஞ்சு இருந்துச்சு. பெருக்கினா பதினேழரை. அதுலதான் அந்த மேட்டை நீ ஏறிக்கிட்டிருந்தே. இப்போ பின் அச்சுல நாலு. பதினாலுதான் வருது, அதான் ஏறல. ரிவர்ஸ் நாலரை. நாலால பெருக்கினா..."

"பதினெட்டு" என்றாள்.

"பதினெட்டு. பழசைவிட ஒரு பொட்டு கூட. திருப்பி, பின்பக்கமா ஏத்து." பிறகு அவசரமாகச் சொன்னான்: "கிளட்ச்சைப் பாதியில வச்சுத் தேய்க்காதே, முழுசா விட்டுடு. பின்சக்கரத்து மேல கனம் இருக்கட்டும். இல்லன்னா ஈரத்துல வழுக்கும்."

கோடு போய்விட்டது. போனும் அணைந்தது.

திருப்புவதற்கு அந்த இடத்தில் அகலம் இல்லை. கீழே கொண்டை ஊசி வளைவு வரைக்கும் பின்னாலேயே இறங்கியாக வேண்டும். கண்டக்டரிடம் சொன்னாள். அவர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லை எடுத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் சுவர் ஓரமாக நின்றுகொண்டார்.

"என் குரலை மட்டும் கேளும்மா. பள்ளத்தைப் பார்க்காதே" என்றார்.

அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள். பின்னால் இறங்கும் வண்டிக்குத் தன் கனமே எதிரி. பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்தாள். ஒவ்வொரு பிடிக்கும் ஸ்ட்ரெச்சர் முனகியது. "வா, வா, வா... ஒடி... நேர் பண்ணு" என்று மழைக்குள்ளிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருந்தது. வளைவில் வண்டியின் பின்பாகத்தைப் பள்ளத்துப் பக்கம் விட்டுத்தான் திருப்ப முடியும். அந்தப் பின்பாகத்தில்தான் அந்தப் பெண்ணும் குழந்தையும் இருந்தார்கள். அவள் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துப் பின்னால் விட்டாள். இன்னும் போகலாம், இன்னும் போகலாம் என்றார் அவர். வண்டியின் பின்பக்கத்தில் ஒரே ஒரு தட்டு விழுந்தது.

"ஒரு சாண் இருக்கு. போதும்."

முன்னால் எடுத்து முகத்தைக் கீழ்நோக்கித் திருப்பினாள். இப்போது வண்டியின் முதுகு உச்சியைப் பார்த்து நின்றது. கண்டக்டர் பின்கதவின் கீழே இருந்த படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்து நின்றார். கனத்துக்குக் கனமும் ஆயிற்று, கண்ணாடியில் அவர் முகமும் தெரிந்தது. இரண்டு தட்டு தட்டினால் போ, ஒரு தட்டுக்கு நில் என்று சொன்னார். இதையெல்லாம் அவர் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லக் கேட்டது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு தட்டு விழுந்தது.

ரிவர்ஸைப் போட்டு கிளட்ச்சை விட்டாள். வண்டி ஒருகணம் யோசித்தது. பிறகு இன்ஜின் அடித்தொண்டையில் உறும, ஏறத் தொடங்கியது. மனிதர் நடக்கிற வேகம்கூட இல்லை, ஆனால் ஏறியது. அவள் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டாள். மழை கண்ணில் குத்தியது. பின்னால் போகும்போது ஸ்டியரிங் எல்லாம் தலைகீழ். வலது என்று நினைத்தால் வண்டியின் மூக்கு இடது பக்கம் பள்ளத்தை எட்டிப் பார்த்தது.

"அக்கா" என்றாள் நர்ஸ்.

"சொல்லுங்க."

"இப்படியே போங்கக்கா. இவங்க தலைப்பக்கம் இறங்கிடுச்சு, இடுப்பு மேல இருக்கு. அழுத்தம் குறைஞ்சிருக்கு. இது நல்லதுதான்."

பாதி தூரம் போயிருக்கும். மண் சரிந்து கிடந்த இடத்தில் சக்கரம் ஒன்று சும்மா சுழன்றது. வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாக நழுவியது. ஒரு தட்டு விழுந்தது. அவள் நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் நிறுத்திவிட்டோம் என்பது உறைத்தது. இதே சரிவில், இதே மாதிரி நின்ற இடத்திலிருந்துதானே அது முதலில் ஏறவில்லை? கண்டக்டர் குதித்து, வழியில் கிடந்த கிளையை இழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி படியில் தொற்றிக்கொண்டார். இரண்டு தட்டு விழுந்தது. அவள் கால் கிளட்ச்சிலிருந்து எழ மறுத்தது. மறுபடி இரண்டு தட்டு விழுந்தது.

"போலாம்மா" என்றார் அவர்.

காலை எடுத்தாள். வண்டி உதறவில்லை, அணையவும் இல்லை. பதினெட்டு, பதினெட்டு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே ஏற்றினாள். உச்சியில் தட்டையான இடம் வந்து வண்டி சமமாக நின்றபோதும் நிறுத்தத் தோன்றாமல் இன்னும் கொஞ்ச தூரம் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். அவர்தான் தட்டி நிறுத்தினார்.

அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டாள். இறக்கத்திலும் நிம்மதி இல்லை. முன்பு இரண்டாவது கியரே வண்டியைப் பிடித்து நிறுத்தும். இப்போது அதே கியரில் வண்டி ஓடப் பார்த்தது. முதல் கியரிலேயே வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறக்கினாள். சமவெளியில் இறங்கியதும் ஆஸ்பத்திரி வரைக்கும் எப்படிப் போனாள் என்பது அவளுக்கு ஞாபகமே இல்லை. வாசலில் ஆட்கள் தயாராக இருந்தார்கள். கணவன் சொல்லியிருந்தான். ஸ்ட்ரெச்சரோடு நர்ஸும் கையை எடுக்காமல் ஓடினாள்.

கணவன் கொட்டகையில் காத்திருந்தான். அவன் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து வண்டிக்கு அடியில், பின் அச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அழுத்திச் சொல்லியிருக்கணும் என்றான். கேட்டது நான்தானே என்றாள் அவள். அவன் அவள் கையைப் பிடித்தான்.

குழந்தை உடனே அழவில்லை. நான்கைந்து நிமிடம் அறுவை அறைக்குள் என்ன நடந்தது என்று யாரும் வெளியே வந்து சொல்லவில்லை. கண்டக்டர் சுவரில் சாய்ந்து, சட்டைப்பையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே மெல்லியதாக ஒரு சிணுங்கல் கேட்டது. பெண் குழந்தை. இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டுத் தாயிடம் கொடுத்தார்கள்.

அந்த வாரமே பல் டாக்டர் பழைய ஜோடியைத் திரும்பப் போட்டுவிட்டான். எரிந்த கிளட்ச்சையும் மாற்றினான். வேகம் போயிற்றே என்று பெரிய டாக்டர் முகம் சுளித்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் பயம் அச்சோடு கழன்று வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் இரண்டடிச் சாய்வில் வண்டியை நிறுத்தி எடுக்கும்போதுகூட அவள் இடது கால் கிளட்ச்சின் மேல் படபடவென்று ஆடியது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் வண்டியைக் கழுவும்போது நர்ஸும் வாளியோடு வந்து நின்றாள். ஸ்ட்ரெச்சர் கம்பியைத் துடைத்துக்கொண்டே, அன்றைக்கு உங்களுக்குப் பயமாக இருந்ததா என்று கேட்டாள். இருந்தது, இப்போதும் இருக்கிறது என்றாள் டிரைவரக்கா.

"கிளட்ச் எரிஞ்ச நாத்தம் எனக்கு ஞாபகமே இல்லக்கா. விரலுக்குக் கீழ கொடி துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. மேட்டுல நின்னப்போ அது ரொம்ப மெதுவாயிடுச்சு. எண்ணுறதையே விட்டுட்டேன், எண்ணினா தெரிஞ்சிடுமேன்னு. நீங்க திருப்பிப் பின்னாடி ஏத்தினப்போ மறுபடி வேகமா துடிக்க ஆரம்பிச்சது. உங்ககிட்ட சொல்ல வாய் வரல. சொன்னா நின்னுடுமோன்னு."

அவள் வலது கையை நீட்டிக் காட்டினாள். நடுவிரல் நுனி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. டிரைவரக்கா குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு அந்த விரலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மணி அடித்தது. இருவரும் வண்டியில் ஏறினார்கள்.